புசானில் தங்க, சாப்பிட, வாங்க: எந்தப் பேட்டை எதற்கு

தென் கொரியாவின் துறைமுக நகரமான புசானுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹேவுண்டேயில் அறை போட்டுவிடுகிறார்கள். படங்களில் பார்த்த கடற்கரை அங்கேதான் இருக்கிறது என்பதால் அது இயல்புதான். ஆனால் புசான் மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நீளவாக்கில் பரவிய ஊர். மீன் சந்தை, பழைய கடைத்தெருக்கள், துறைமுகம் எல்லாம் தென்மேற்கு மூலையில் நம்போ பக்கம் இருக்கின்றன. ஹேவுண்டே கிழக்குக் கோடி. இரண்டுக்கும் இடையே மெட்ரோவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் ஒரு முறை ரயில் மாறவும் வேண்டும். மூன்று நாள் மட்டும் இருக்கப்போகிறவர் ஹேவுண்டேயில் தங்கினால் நல்ல சாப்பாட்டு நேரமெல்லாம் ரயிலிலேயே போய்விடும்.

தங்குவதற்குச் சரியான இடம் சொம்யோன். மெட்ரோவின் 1-ஆம் தடமும் 2-ஆம் தடமும் சந்திக்கும் நிலையம் அது. அங்கிருந்து புசான் ரயில் நிலையம் கால் மணி நேரத்துக்குள், ஜகல்ச்சி மீன் சந்தை இருபது நிமிடத்துக்குள், ஹேவுண்டே ரயில் மாறாமல் முப்பத்தைந்து நிமிடத்தில். கிம்ஹே விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் இலகு ரயிலில் சாசாங் வந்து, 2-ஆம் தடம் பிடித்தால் நேரே சொம்யோன். சியோலிலிருந்து கே.டி.எக்ஸ். வேக ரயிலில் வந்தால் சுமார் இரண்டரை மணி நேரம். வந்திறங்கியதும் 1-ஆம் தடத்தில் ஏறினால் போதும். சொம்யோனில் கடல் தெரியாது, இரவில் சத்தமும் விளக்குகளும் அதிகம். அதனால் அறை எடுக்கும்போது பிரதான சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி, மேல் மாடியாகக் கேட்பது நல்லது.

ஒரே ஒரு இரவு கடலோரம் தங்கியே ஆகவேண்டும் என்றால் ஹேவுண்டேயைவிட க்வாங்கல்லியைச் சொல்லலாம். 2003-இல் திறந்த க்வாங்கான் பாலம் கடலுக்கு மேலே விளக்குகளோடு நேர் எதிரே நிற்கும். சனிக்கிழமை இரவுகளில் டிரோன் காட்சியும் உண்டு. மார்ச் முதல் செப்டம்பர் வரை 8 மணிக்கும் 10 மணிக்கும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை 7 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கும். காற்று பலமாக இருந்தால் ரத்தாகும். இந்தக் காட்சியால் சனிக்கிழமை அறை வாடகை எகிறிவிடும், ஆகவே ஞாயிறு முதல் வியாழன் வரை தங்குவதே லாபம். சில அறைகளை 'கடல் பார்வை' என்று போட்டிருப்பார்கள், போய்ப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கீற்றுக் கடல் தெரியும். 'முன்பக்கக் கடல் பார்வை' என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் கூடுதல் பணம் கொடுங்கள்.

விடுதி வகைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் பதிவு செய்தால் சிக்கல் வரும். நடுத்தர விலைக்கு ஜப்பானியச் சங்கிலி விடுதியான டொயோகோ இன் நம்பகமானது. புசான் ரயில் நிலையம், சொம்யோன், ஹேவுண்டே மூன்று இடத்திலும் உண்டு. காலைச் சாப்பாடு வாடகைக்குள் அடங்கும்: சோறு, சூப், ரொட்டி, சாலட், காபி. அறை மிகச் சின்னது. இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் தரையில் விரித்து வைக்க இடம் போதாது.

அதைவிட மலிவாகக் கிடைப்பவை 'மோட்டல்'கள். சுத்தமாகவே இருக்கும், டி.வி. பெரியது, குளியல் தொட்டியும் பல இடங்களில் உண்டு. ஆனால் இவை பகலில் மணிக்கணக்கு வாடகைக்கு அறை விடும் இடங்கள். அதனால்தான் செக்-இன் நேரம் மாலை 6 மணி, சனிக்கிழமைகளில் அதற்கும் பிந்தி என்று இருக்கும். காலையில் வந்திறங்கி, பிற்பகலில் குழந்தைகளோடு அறைக்குப் போகலாம் என்று நினைத்தவர்கள் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார நேரிடும். பதிவு செய்யும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். தனித்தனிக் கட்டில் உள்ள அறைகளும் இவற்றில் குறைவு.

நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஓண்டோல் அறை மிக நல்லது. கட்டில் இருக்காது. சூடேற்றிய தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். பாயில் படுத்துப் பழகியவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. இரண்டு பேருக்கான மெத்தைதான் வைத்திருப்பார்கள், கூடுதல் மெத்தையை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். குளிர்காலத்தில் தரைச் சூடு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு உச்ச அளவில் வைத்தால் நடு இரவில் வேர்த்து எழவேண்டி வரும். 22 அல்லது 23-இல் வைத்துவிட்டு வெளியே சாப்பிடப் போய்விடுங்கள்.

ஹேவுண்டேயில் ஆபீஸ்டெல் எனப்படும் அடுக்குமாடி அறைகளை நாள் வாடகைக்கு விடுவதாக விளம்பரங்கள் வரும். ஆபீஸ்டெல்லில் விருந்தினரைத் தங்கவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஏதாவது தகராறு வந்தால் பணம் திரும்பாது. பதிவு எண் காட்டும் இடத்தில் மட்டும் பணம் கட்டுங்கள்.

மின்சாரம் 220 வோல்ட். துளைகள் இரண்டு உருண்டைக் குச்சிக்கானவை. நம் ஊர் இரண்டு குச்சி சார்ஜர் நுழையும். மூன்று குச்சியும், இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவின் சதுரக் குச்சியும் நுழையாது.

போக்குவரத்துக்கு டி-மணி அட்டை ஒன்று போதும், மெட்ரோ, பேருந்து இரண்டிலும் செல்லும். எந்தக் கன்வீனியன்ஸ் ஸ்டோரிலும் வாங்கலாம். ஆனால் அட்டையை நிரப்பப் பெரும்பாலும் ரொக்கம்தான் கேட்பார்கள், ஆகவே 10,000 வொன் தாள்கள் சில எப்போதும் கையில் இருக்கட்டும். (1,000 வொன் என்பது சுமார் 60 இந்திய ரூபாய்.) மெட்ரோவில் 10 கிலோமீட்டர் வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் இன்னொன்று. அட்டையில் போனால் சுமார் 1,600, 1,800 வொன் என்று வரும். வழி பார்க்க நேவர் மேப் அல்லது காகாவோ மேப் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த வெளிவாசல் எண்ணில் ஏற வேண்டும் என்பதுவரை அவை சொல்லும். புசானில் வாசல் எண் தவறினால் ஆறு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டியதுதான்.

ஜகல்ச்சி

இனி சாப்பாடு. ஜகல்ச்சி நிலையத்தின் 10-ஆம் வாசலில் ஏறிக் கடலை நோக்கி நடந்தால் ஐந்து நிமிடத்தில் சந்தை. 2006-இல் திறந்த பெரிய கட்டடத்தின் தரைத்தளத்தில் தொட்டி தொட்டியாக உயிர் மீன், மேல்தளத்தில் சாப்பாட்டுக் கடைகள். கீழே மீன் வாங்க வேண்டும், அவர்களே வெட்டி மேலே அனுப்புவார்கள். மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்க்கிழமைகளில் கட்டடம் மூடியிருக்கும்.

இங்கே ஏமாற்றம் வருவது மீனால் அல்ல, கணக்குப் புரியாததால். மீனின் விலை தனி. மேலே உட்கார ஒரு ஆளுக்கு ஐந்தாயிரம் வொன் சுமாருக்கு 'சாங்சாரிம்' கட்டணம் தனி. மீந்த தலையையும் எலும்பையும் போட்டுக் காரக் குழம்பு வைத்துத் தருவதற்கு இன்னொரு கட்டணம். சோறு தனி. இந்த நான்கையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று, மீனைத் தொட்டியிலிருந்து எடுக்கும் முன்பே கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எடை போடும்போது கூடையின் எடையைக் கழிக்கிறார்களா, கூடையில் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பாருங்கள். கொரியாவின் எந்த மீன் சந்தைக்கும் இது பொருந்தும். இரண்டு பேருக்கு ஒரு கிலோ சுமாரான தட்டை மீன் 'குவாங்கோ' போதும். அதில் ஏறக்குறைய பாதி சதையாகத் தேறும். 'ஊரோக்' எனும் பாறை மீன் கிலோ விலையில் மலிவாகத் தெரியும், ஆனால் தலை பெரியது. மூன்றில் ஒரு பங்குதான் சதையாக வரும். குழம்புக்கு ஊரோக், பச்சையாகச் சாப்பிடக் குவாங்கோ என்பதே சரியான தேர்வு. பண்ணை மீன், கடல் மீன் இரண்டும் அருகருகே உள்ள தொட்டிகளில் இருக்கும், விலை பெரிதும் மாறும். தட்டை மீனைத் திருப்பிக் காட்டச் சொன்னால் தெரிந்துவிடும். கடலில் பிடித்ததன் அடிப்பக்கம் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று இருக்கும். பண்ணையில் வளர்ந்ததில் கரும்புள்ளிகளோ திட்டுகளோ காணும். முதல் முறை சாப்பிடுகிறவருக்குப் பண்ணை மீனே போதுமானது, ருசியில் பெரிய குறை தெரியாது.

பச்சை மீன் 'ஹ்வே' ஜப்பானிய முறையிலிருந்து வேறுபட்டது. உயிர் மீனை அப்போதே வெட்டுவதால் சதை விறைப்பாக, மெல்ல மெல்ல இழுபடும். அதை மென்மையாக எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குப் பிடிக்காது. தனி வாசமுள்ள பெரில்லா இலையில் இரண்டு துண்டு மீன், கொஞ்சம் 'சம்ஜாங்' எனும் சோயா-மிளகாய்ச் சாந்து, ஒரு பச்சைப்பூண்டுத் துண்டு, பச்சை மிளகாய் வைத்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். புளிப்பும் காரமுமான சிவப்புச் சாந்து 'சோஜாங்' ஒன்றும் வைப்பார்கள். அதில் அதிகம் தோய்த்தால் மீன் ருசியே தெரியாது.

பச்சை மீன் வேண்டாம் என்பவர்கள் இந்தச் சந்தையை விட்டுவிடக் கூடாது. நம் நாக்குக்கு உண்மையில் பொருந்துவது கட்டடத்துக்கு வெளியே தெருவோரம் இருக்கும் சுட்ட மீன் கடைகள். வாசலிலேயே பெரிய இரும்புத் தட்டில் மீன்கள் பொரிந்துகொண்டிருக்கும். கானாங்கெளுத்தி இனம், வாளை, சின்னக் கத்தாளை வகை ஆகியவை உப்பு மட்டும் தடவி, தோல் மொறுமொறுப்பாக வரும். சோறு, ஒரு சூப், நாலைந்து தொட்டுக்கைகள் எல்லாம் சேர்த்து ஒரு சாப்பாடு. 'கோடுங்கோ' என்ற கானாங்கெளுத்தியை நகரத்தின் அடையாள மீனாகவே புசான் அறிவித்திருக்கிறது, இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை கொழுப்பு ஏறி மிக நன்றாக இருக்கும். பிற்பகலில் போனால் காலையில் பொரித்து வைத்ததைச் சூடாக்கித் தருவார்கள். பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குப் போய்விடுங்கள்.

பக்கத்திலேயே உயிரோடு தோலுரித்துச் சுடும் 'கொம்ஜாங்கோ' கடைகள் உண்டு. விலாங்கு போல நீளமான தாடையற்ற மீன் அது. காரச் சாந்தில் புரட்டிய பிறகு ருசி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வாசலில் நடக்கும் வேலையைப் பார்க்கச் சிலரால் முடியாது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தத் தெருவை விட்டு வேறு வழியாக வரலாம்.

குக்பாப், மில்ம்யோன்

பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்கள் புசானில் கட்டாயம் சாப்பிட வேண்டியது த்வேஜி குக்பாப். பன்றி எலும்பை நீண்ட நேரம் கொதிக்கவைத்த வெண்மையான சாறு, அதில் மெல்லிய இறைச்சித் துண்டுகள், சோறு. சொம்யோன் சந்தை அருகே இதற்கென்றே ஒரு சந்து இருக்கிறது, அதில் 1946 முதல் நடக்கும் சொங்ஜோங் சம்தே குக்பாப் பழைய கடை. விலை 10,000 வொன் சுற்றி.

இதைச் சாப்பிட்டுவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று சொல்பவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: வந்த கிண்ணத்தை அப்படியே சாப்பிடுவது. சாற்றில் உப்பு மிகக் குறைவாகவே போட்டிருப்பார்கள், சரிசெய்துகொள்வது சாப்பிடுகிறவர் வேலை. முதலில் சாற்றை மட்டும் இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள். மேசையில் இருக்கும் உப்பிட்ட சின்ன இறால் 'சேஉஜோத்' அரைத் தேக்கரண்டி போட்டுக் கலக்குங்கள், அதுதான் உப்பு. பிறகு காரப்பொடி தூவிப் பிசிறிய பூண்டுத்தாள் கீரை 'புச்சு' ஒரு கிண்ணம் வரும், அதை ஒரு பிடி சாற்றில் அமுக்கிவிடுங்கள். பல கடைகளில் அடியில் ஒரு உருண்டை சிவப்புச் சாந்து ஏற்கெனவே இருக்கும். கலக்குவதற்கு முன் பாதியை எடுத்து ஓரமாக வைத்தால் காரத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். கூட வரும் மெல்லிய கோதுமை நூடுல்ஸை முதலில் போட்டுச் சாப்பிட்டுவிடுங்கள், விட்டால் ஊறிக் குழைந்துவிடும். சோறு தனியாக வேண்டுமென்றால் 'தாரோ குக்பாப்' என்று கேளுங்கள். 'நேஜாங்' என்று எழுதியிருந்தால் குடல், ஈரல் வகை. 'சுந்தே' என்றால் இரத்தம் கலந்த தொத்திறைச்சி.

மில்ம்யோன் கோடையின் சாப்பாடு. கொரியப் போரின்போது வடக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு அவர்கள் ஊர்க் குளிர் நூடுல்ஸ் செய்ய பக்வீட் மாவு கிடைக்கவில்லை, உதவியாக வந்த அமெரிக்கக் கோதுமை மாவு கிடைத்தது. அதில் மாவுச்சத்து கலந்து இழுத்த நூடுல்ஸ்தான் இது. ஐஸ் மிதக்கும் சாற்றில் வருவது 'முல்', சாந்தில் புரட்டி வருவது 'பிபிம்'. முதலில் 'முல்' கேளுங்கள். சுடச்சுட ஒரு கெட்டிலில் எலும்புச் சாறு கொண்டுவந்து வைப்பார்கள், அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துக்கொண்டே இருக்கலாம். நூடுல்ஸ் வந்ததும் மேசையில் இருக்கும் கத்தரிக்கோலால் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு. வினிகரை நூடுல்ஸ் மேல் விடுங்கள், கடுகுச் சாந்தைச் சாற்றில் கரையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் பாதிக்கு மேல் திகட்டிவிடும். உவாம்-தோங் பகுதியில் உள்ள நேஹோ நேங்ம்யோன் இந்த வகையின் தொடக்கத்தோடு தொடர்புடைய கடை, மெட்ரோவிலிருந்து எட்டத்தில் மலைச்சரிவுக் குடியிருப்புக்குள் இருக்கிறது. ருசிக்காக மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போகவேண்டாம், புசான் ரயில் நிலையம் அருகே சோர்யாங் பக்கம் நல்ல கடைகள் உண்டு.

தனியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குக்பாப், நூடுல்ஸ் கடைகளில் ஒருவருக்குத் தாராளமாகத் தருவார்கள். மேசையில் அடுப்பு வைத்துச் சமைக்கும் கடைகளில் குறைந்தது இரண்டு பேர் அளவு வாங்கவேண்டும். புசானின் புகழ்பெற்ற 'நக்கோப்சே' அப்படிப்பட்டது. ஆக்டோபஸ், மாட்டுக் குடல், இறால் சேர்த்த காரக் கூட்டு அது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பெயரைப் பார்த்து இறால் உணவு என்று எண்ணி வாங்கிவிடுகிறார்கள். குடல் இல்லாமல் 'நக்சே' என்று கேட்டால் ஆக்டோபஸும் இறாலும் மட்டும் வரும், ஆனால் அடிச்சாறு எதில் செய்தது என்று கேட்டுக்கொள்ளவும்.

தெருத்தீனி

நம்போவில் பிஃப் சதுக்கத்தில் வரிசை நிற்கும் இடமெல்லாம் விதை ஹொத்தோக் கடை. பொரிந்த மாவு அப்பத்தைக் கத்தரியால் கீறி, உள்ளே சூரியகாந்தி, பூசணி விதைகளும் சர்க்கரையும் அடைத்துக் காகிதக் கோப்பையில் தருவார்கள். 2,000 வொன் அளவு. உள்ளே சர்க்கரைப் பாகு கொதித்துக்கொண்டிருக்கும், வாங்கிய கையோடு கடித்தால் நாக்கு வெந்துவிடும். இறைச்சி எதுவும் இல்லாத தெருத்தீனி இது, சைவர்கள் நம்பி வாங்கலாம்.

சாலையைத் தாண்டினால் புப்யோங் காங்டோங் சந்தை. 2013-இல் இங்கே தொடங்கிய இரவுச் சந்தைதான் கொரியாவின் முதல் நிரந்தர இரவுச் சந்தை. தள்ளுவண்டிகள் இரவு ஏழரை மணிக்கு வரிசையாக நுழையும். எட்டரைக்கு மேல் நகரவே முடியாத கூட்டம், ஆகவே தொடக்கத்திலேயே போங்கள். ஆனால் இந்தச் சந்தையின் உண்மையான பலம் பகலில் இருக்கும் மீன் கேக் வரிசை. 'ஓமுக்' என்ற இது மீன் சதையை அரைத்து, மாவு கலந்து பொரித்தது. ருசி மீன் விகிதத்தைப் பொறுத்தது. மலிவானதில் மாவு கூடுதல், கடித்தால் ரொட்டி போல இருக்கும். நல்லது ரப்பர் போலத் துள்ளும். பாக்கெட்டின் பின்னால் மீன் சதவீதம் அச்சிட்டிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். யோங்தோ தீவில் 1953-இல் தொடங்கிய சம்ஜின் ஓமுக், பேக்கரி போல அலமாரியில் அடுக்கித் தட்டும் இடுக்கியும் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடை. புசான் ரயில் நிலையம் பக்கமும் கிளை உண்டு. அங்கே குரோக்கெட் வகையைச் சூடாகச் சாப்பிட்டுவிடுங்கள். ஊருக்கு வாங்கிப் போகவேண்டாம், குளிர்ப்பெட்டி இல்லாமல் தாங்காது. பலவற்றில் பன்றியோ பிற இறைச்சியோ கலந்த வகைகள் உண்டு என்பதால் பொருள் விவரச் சீட்டைப் படித்து எடுங்கள்.

சைவர்களுக்கு

வெளிப்படையாகச் சொன்னால், புசான் சைவர்களுக்குக் கடினமான ஊர். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைத் தவிர்ப்பது எளிது. தெரியாததுதான் சிக்கல். காரம் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியில் உப்பிட்ட இறாலும் நெத்திலிச் சாறும் சேரும். அரிசி மாவுத் துண்டுகளைக் காரமாகச் சமைக்கும் தோக்போக்கியின் சிவப்புச் சாறு பெரும்பாலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தருவது கிம்பாப்; 'காய்கறி கிம்பாப்' என்று எழுதியிருந்தாலும் உள்ளே முட்டையும் ஹாமும் இருக்கும். காய்கறிகளோடு பிசைந்து சாப்பிடும் சோறான பிபிம்பாப்பின் மிளகாய்ச் சாந்தில் சில கடைகள் மாட்டிறைச்சியை வதக்கிச் சேர்க்கின்றன. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். பாபாகோ மொழிபெயர்ப்புச் செயலியில் 'இறைச்சி, மீன், இறால், நெத்திலிச் சாறு, முட்டை எதுவும் சாப்பிடமாட்டேன்' என்று முழு வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். கிம்பாப் கடையில் 'ஹாம், கேரன், ஓமுக், மாட்சால் பேஜுசெயோ' என்றால் ஹாம், முட்டை, மீன் கேக், நண்டு ருசிக் குச்சி ஆகிய நான்கையும் நீக்கித் தருவார்கள். கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் மறுப்பது அரிது.

உறுதியாகச் சைவம் கிடைக்கும் இடம் கோயில் உணவுக் கடைகளும் பௌத்தக் கோயில் சார்ந்த இடங்களும்தான். அங்கே பூண்டு, வெங்காயமும் சேர்ப்பதில்லை, அதையும் தவிர்ப்பவர்களுக்கு நல்ல செய்தி. 1-ஆம் தடத்தின் வடக்கே உள்ள பொமோசா கோயிலில் ஓர் இரவு தங்கும் ஏற்பாட்டில் சேர்ந்தால் மூன்று வேளையும் கவலையில்லை. முன்பதிவு வேண்டும், விடியலுக்கு முன் எழவேண்டும்.

மற்ற நாட்களுக்கு நடைமுறையான வழி ஒன்று உண்டு. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் 'ஹெத்பான்' என்ற 210 கிராம் சோற்றுக் கிண்ணம் கிடைக்கும். மூடியைக் கொஞ்சம் கிழித்து, கடையிலேயே இருக்கும் மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் சுடுசோறு. கொரியச் சோறு ஒட்டும், நம் பொடி அதில் நன்றாகவே பிடிக்கும். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, சின்ன நல்லெண்ணெய்ப் பாட்டில் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள். பக்கத்து அலமாரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைப்பழம், பால் எல்லாம் இருக்கும். பழங்கள், விதைகள், கறிவேப்பிலை போன்ற பச்சைப் பொருட்கள், இறைச்சி கலந்த எதையும் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையச் சோதனையில் பறிமுதல் ஆவதோடு அபராதமும் உண்டு. ஹலால் தேடுபவர்களுக்கு 1-ஆம் தடத்தில் தூசில் நிலையம் அருகே அல்-ஃபத்தா பள்ளிவாசலும் அதையொட்டிச் சில உணவகங்களும் இருக்கின்றன.

எந்தக் கடையானாலும் தண்ணீர் இலவசம், தொட்டுக்கைகளை மறுமுறை கேட்கலாம், டிப்ஸ் கொடுக்கும் வழக்கமில்லை. கரண்டியும் குச்சிகளும் மேசைக்கு அடியில் உள்ள இழுப்பறையில் இருக்கும், மேசையில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஆள் வருவார். காபிக்குச் சொம்யோனை ஒட்டிய ஜோன்போ தெரு நல்லது. 2019 உலக பாரிஸ்டா சாம்பியன் பட்டம் வென்றவர் புசானின் மோமோஸ் காபியைச் சேர்ந்தவர். ஓன்சோன்ஜாங்கிலும் யோங்தோவிலும் அவர்கள் கடை உண்டு. காபி புளிப்பாக இருக்கும், ஃபில்டர் காபி பழகிய நாக்குக்குப் பால் சேர்த்ததே பொருந்தும்.

வாங்குவது

குக்ஜே சந்தை போர்க்காலத்து அகதிகள் வளர்த்த சந்தை. போர்வை, சமையல் பாத்திரம், காலுறை, துணிக்கடைகள் அங்கே தெருவாரியாகப் பிரிந்திருக்கும். முதல், மூன்றாம் ஞாயிறுகளில் பெரும்பாலான கடைகள் மூடும். ரொக்கத்துக்கு விலை குறைப்பார்கள், கொஞ்சமாக. காலுறையையும் எஃகுக் கரண்டி, குச்சிகளையும் வாங்கலாம். சுரங்கக் கடைவீதிகளில் துணி மலிவு, ஆனால் பல கடைகள் போட்டுப் பார்க்க விடாது, மாற்றித் தரவும் மாட்டார்கள். அளவுக்கும் உத்தரவாதமில்லை, 'ஃப்ரீ சைஸ்' என்பது கொரிய உடல்வாகுக்கு ஏற்றது.

ஜகல்ச்சிக்கு அருகே உலர் மீன் சந்தை ஒன்று இருக்கிறது, நம்மவர்கள் அங்கே கொஞ்சம் நேரம் செலவிடலாம். நெத்திலி அளவுவாரியாகப் பிரிந்து பெட்டி பெட்டியாக நிற்கும். நம் நெத்திலிக் கருவாட்டிலிருந்து இது வேறுபடும். பிடித்த மீனை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அதன் பிறகே உலர்த்துகிறார்கள். அதனால் வாடை குறைவு, நம் குழம்பில் போட்டால் கருவாட்டு மணம் வராது. மிகச் சின்னதை எண்ணெய்விடாமல் வறுத்துச் சர்க்கரை, சோயாச் சாறு சேர்த்தால் பொரியல் போலத் தொட்டுக்கொள்ளலாம். பெரியது சாறுக்கு மட்டும். தலையையும் கறுப்புக் குடலையும் கிள்ளிவிட்டு வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். வாங்கும்போது வயிறு வெடிக்காமல், உடல் வளைந்து, வெள்ளி நிறம் மங்காமல் இருக்கிறதா பாருங்கள். மஞ்சளித்திருந்தால் பழசு, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். புசானின் வடகிழக்கே உள்ள கிஜாங் கடலில் விளையும் 'மியோக்' கடற்பாசியும் இங்கே கிடைக்கும். எடையில்லாதது, கெடாது. ஊறும்போது பல மடங்கு பெருகும், நாலு பேருக்கான சூப்புக்கு 20 கிராம் போட்டாலே நிறைந்துவிடும். உலர் மீனை எடுத்துப் போகும் முன் உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்டம் சிட்டியின் ஷின்செகே 2009-இல் உலகின் மிகப்பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்று கின்னஸில் பதிவானது. கடைகளாக அதில் அதிசயம் ஒன்றுமில்லை, விலையும் அதிகம். போக வேண்டியது அதற்குள் இருக்கும் ஸ்பா லேண்ட் குளியல் கூடத்துக்கு. நான்கு மணி நேர அனுமதி. சூடேற்றிய அறைகளில் அவர்கள் தரும் உடையோடு ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். வெந்நீர்த் தொட்டிகள் ஆண், பெண் தனி, அங்கே உடையே கூடாது, நீச்சலுடைக்கும் அனுமதியில்லை. தொட்டியில் இறங்கும் முன் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். தொட்டிக்குப் போகாமல் சூட்டறைகளுக்கு மட்டும் போகலாம், ஆனால் உடை மாற்றும் அறை பொதுவானது, தனித்தடுப்பு கிடையாது. அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் டிக்கெட் எடுங்கள். வார நாள் காலை நேரம் காலியாக இருக்கும்.

அழகுப் பொருட்களுக்கு ஆலிவ் யங், சில்லறைச் சாமான்களுக்கு டைசோ. டைசோவில் எந்தப் பொருளும் 5,000 வொன்னைத் தாண்டாது. உடனடியாக வரி திரும்பத் தரும் பலகை வைத்த கடைகளில் ஒரே ரசீது 15,000 வொன்னோ அதற்கு மேலோ இருந்தால், கவுண்டரிலேயே வரியைக் கழித்துவிடுவார்கள். அசல் பாஸ்போர்ட் வேண்டும், செல்போனில் உள்ள படத்தை ஏற்பது எல்லாக் கடையிலும் நடக்காது. ஆகவே பொருட்களைப் பல நாளில் துண்டு துண்டாக வாங்காமல் ஒரே ரசீதில் சேர்த்து வாங்குங்கள். 10 சதவீத வரி முழுவதும் திரும்பாது, சேவைக் கட்டணம் போக மீதிதான். கவுண்டரில் கழிக்காத கடைகளின் ரசீதுகளை விமான நிலையத்து இயந்திரத்தில் காட்ட வேண்டும். சில பொருட்களைச் சுங்க அதிகாரி நேரில் பார்க்கக் கேட்கலாம், அதனால் பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அந்த வேலையை முடியுங்கள். கிம்ஹேயிலிருந்து சியோல் வழியாகப் போகிறவர்கள், இயந்திரம் எந்த நிலையத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதை விமான நிறுவனக் கவுண்டரில் கேட்டுக்கொண்டு பெட்டியைக் கொடுங்கள்.